கிட்டாரை எந்த உயரத்தில் மாட்டுவது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் கேட்டபோது, "வாழ்க்கையில் உயர்வது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். நான் சொன்னேன்: "ஐயா, என் வகுப்பில் வங்கி மேலாளர் ஆனவன் இருக்கான், கலெக்டர் ஆபீஸில் இருக்கிறவன் இருக்கான். அவர்களைக் கூப்பிடுங்க. நான் வடபழனியில் ஒரு மாடியில் இரண்டு அறை வைத்துக்கொண்டு கிட்டார் சொல்லித்தருகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே உயரம், நின்றுகொண்டு வாசிக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்பதுதான்." அவர் சிரித்துவிட்டு, "அதையே பேசுங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்று நான் பேசப்போவது அதைத்தான். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். இதில் எனக்கு நான்கு மாதமும் ஒரு நல்ல வாய்ப்பும் போயிருக்கிறது.

1984-ல் நான் இங்கே சேர்ந்தபோது தங்கியது வடபழனி முருகன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், சித்தப்பா வீட்டில். இன்றைக்கு மெட்ரோவில் வந்து இறங்குகிற தம்பிகளுக்கு அந்த வடபழனியைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மெட்ரோ வந்தது 2015-ல். அப்போதெல்லாம் ஆற்காடு சாலையில் ஏவி.எம். உருண்டையைப் பார்த்துத்தான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தெரிந்துகொள்வோம். இப்போது ஆஸ்பத்திரியும் மாலும் இருக்கும் இடம் அன்றைக்கு விஜயா வாஹினி ஸ்டூடியோ. காலை ஏழு மணிக்கு வயலின் பெட்டியும் கிட்டார் உறையும் மாட்டிக்கொண்டு வாத்தியக்காரர்கள் ஸ்கூட்டரில் ரெக்கார்டிங்குக்குப் போவதை, வேலைக்குப் போகிற குமாஸ்தாக்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நானும் நானூறு ரூபாய்க்கு ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். அதற்கு ஸ்ட்ராப், அதாவது தோளில் மாட்டும் வார், கிடையாது. தேவையும் இருக்கவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்துதான் சாதகம். இரண்டு வருஷம் உட்கார்ந்தே வாசித்தேன். சித்தப்பா பையன் சொல்வான், "அண்ணே, நல்லா வாசிக்கிறே" என்று. நானும் நம்பினேன்.

1986-ல் நம் கல்லூரி மெல்லிசைக் குழு ஐ.ஐ.டி. கலைவிழாவுக்குப் போனது. அப்போது அதற்கு 'மார்டி கிரா' என்று பெயர். 1996-லிருந்து 'சாரங்' என்று மாறிவிட்டது. ஒருவரிடம் ஸ்ட்ராப் இரவல் வாங்கி, மேடையேறுவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு மாட்டிக்கொண்டேன். வாழ்நாளில் முதல்முறையாக நின்று வாசிக்கிறேன். என் கிட்டாரா இது என்று ஆகிவிட்டது! மடியில் இருந்தபோது கண் மூடினாலும் விரல் போய் விழுந்த இடமெல்லாம் இப்போது அரை அடி கீழே போய்விட்டது. எஃப் மேஜர் பிடித்தால் 'டப் டப்' என்று சத்தம். குனிந்து பார்த்தால் முதுகு வளைகிறது. பார்க்காவிட்டால் விரல் வேறு கட்டத்துக்குப் போகிறது. இடையிசையில் நான் வாசிக்க வேண்டிய எட்டு அட்சரத்தை நம்ம கீபோர்டு நண்பன்தான் சமாளித்தான். அவன் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கடனை ஞாபகப்படுத்தாத புண்ணியவான்.

அன்றைக்கு எல்லோரும் "மேடை பயம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பயம் இல்லீங்க. உட்கார்ந்து ஒரு இடத்தில் பழகிய கையை, நின்று வேறொரு இடத்தில் வேலை செய்யச் சொன்னேன். அதுதான் நடந்தது.

படிப்பு முடிந்ததும் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டுவிழா. ஒரு கச்சேரி என்றால் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் நிற்க வேண்டும். பழக்கம் ஆகிவிட்டது, இனி பயமில்லை. ஆனால் வேறொரு வியாதி வந்தது. அதன் பெயர் ஸ்டைல். அண்ணா சாலையில் வாத்தியக் கடைகளுக்குப் போனால் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படம் பார்ப்போம். லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் கிட்டாரைத் தொடை வரைக்கும் இறக்கி மாட்டியிருப்பார். பார்க்க அப்படி ஒரு கம்பீரம். நானும் ஸ்ட்ராப்பைக் கடைசி ஓட்டை வரை தளர்த்திவிட்டேன். கல்யாண வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். போட்டோவில் நன்றாக விழுந்தது.

மூன்று வருஷம் கழித்து, 1991-ல், இரவில் தூங்கும்போது இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்தது. எழுந்து கையை உதறினால் சரியாகும். சித்தி தைலம் தேய்த்துவிட்டாள். வாயு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பூண்டு தின்னச் சொன்னார். தின்றேன். விரல் மரத்தது மரத்ததுதான், வாய் மட்டும் நாறியது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ரெக்கார்டிங்குக்கு அழைப்பு. வழக்கமாக வாசிப்பவர் ஊரில் இல்லை. நோட்டேஷன் படிக்கத் தெரிந்த பையன் வேண்டும் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்காடு சாலையில் ஏழு வருஷமாக வேடிக்கை பார்த்த கதவு எனக்குத் திறந்தது. உள்ளே நாற்காலி, முன்னால் நோட்ஸ் ஸ்டாண்ட். உட்கார்ந்துதான் வாசிப்பு. முதல் டேக் சரி. இரண்டாவது டேக்கில் கட்டைவிரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்றாவதில் கார்டு நிற்கவில்லை. நடத்துனர் மிக மரியாதையாக, "தம்பி, டீ சாப்பிட்டு வாங்க" என்றார். டீ சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அவர் மேல் தப்பில்லை. நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன். அந்த அழைப்பு மறுபடி வரவில்லை.

பிறகு போன டாக்டர் கெட்டிக்காரர். "கிட்டாரைக் கொண்டுவா, எப்படி வாசிப்பேன்னு காட்டு" என்றார். நின்று காட்டினேன். பார்த்துவிட்டு எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். அதை இப்போது உங்களுக்கும் வைக்கிறேன். எல்லோரும் இடது கையை நீட்டுங்க. முதல்வர் ஐயா நீங்களும்தான். (சிரிப்பு) மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுசா மடக்குங்க. அப்படியே வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பிடிங்க. பிடிக்க முடிகிறதா? பலமே இல்லை, பார்த்தீங்களா? இப்போது மணிக்கட்டை நேராக்கிவிட்டுப் பிடிங்க. இப்போ வருது!

டாக்டர் சொன்ன விளக்கம் இதுதான். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய பாதை வழியாக விரலுக்குப் போகின்றன. அதே பாதையில்தான் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரல்களுக்கும் உணர்ச்சி தருகிற நரம்பும் போகிறது. மணிக்கட்டை மடக்கினால் அந்தப் பாதையில் நெருக்கம். நெருக்கம் வருஷக்கணக்கில் நீடித்தால் நரம்பு நசுங்கும். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு வழியில் போவதால் அது மட்டும் தப்பிக்கும். கிட்டார் தொடையில் தொங்கினால், கை கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். கழுத்துக்கட்டையை அடியிலிருந்து சுற்றிப் பிடிக்க மணிக்கட்டு மடங்கியே ஆக வேண்டும். மூன்று வருஷம், கச்சேரிக்கு மூன்று மணி நேரம், மடங்கிய கையோடு பார் கார்டு பிடித்திருக்கிறேன். நாலு மாதம் கிட்டாரைத் தொடக்கூடாது என்றார். தொடவில்லை. அந்த நாலு மாதம் குழுவில் பெட்டி தூக்கினேன், மைக் கட்டினேன்.

ஆனால், எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் டாக்டர் இல்லை. ஒரு தவில்காரர். வடபழனியில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம், அது முடிந்ததும் எங்கள் மெல்லிசை. நான் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர்வலத்துக்குக் கிளம்புமுன் அந்தப் பெரியவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தவிலை மடியில் வைத்து, வாரைத் தோளில் போட்டு இழுத்து முடிந்தார். எழுந்து நின்றார். தவில் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார், இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

"எதுக்குண்ணே உட்கார்ந்து கட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"தம்பி, சாதகம் பண்ணது உட்கார்ந்துதானே? கைக்குத் தெரிஞ்ச இடம் அது. நின்னா மட்டும் கைக்குப் புதுசா ஒரு வீடு காட்டினா அது எப்படிப் போகும்?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. ஐ.ஐ.டி. மேடை, ரெக்கார்டிங் நாற்காலி எல்லாம் ஒரு நிமிஷத்தில் கண்முன் வந்துவிட்டது. அன்றிரவு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்ட்ராப்பைக் கட்டினேன். இன்றுவரை என் மாணவர்கள் எல்லோருக்கும் முதல் பாடம் அதுதான்.

பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், தம்பிகள் கவனிக்க வேண்டும். கை வைக்காத நாற்காலி ஒன்று. பாதம் இரண்டும் தரையில். கிட்டாரை வழக்கமாக வைக்கும் தொடையில் வைத்து, தலைப்பகுதி ஏறக்குறைய தோள் உயரத்துக்கு வரும்படி கழுத்துக்கட்டையை மேல்நோக்கிச் சாய்க்கவும். வசதியாக வாசிக்கிற நிலை வந்ததும், அப்படியே ஸ்ட்ராப்பைத் தொய்வு போகிற வரை இறுக்கவும். எழுந்து நிற்கவும். கிட்டார் ஓரிரு அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது. இறங்கினால் மறுபடி உட்கார்ந்து இறுக்கு. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாலு சோதனை. ஒன்று, முதல் கட்டத்தில் எஃப் மேஜர் பிடித்துப் பார். மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். இரண்டு, வலது கை. முழங்கை சுமார் செங்கோணத்தில் மடங்கி, தோளைத் தூக்காமல் கை தந்தி மேல் விழ வேண்டும். ரொம்ப உயரமாக மாட்டினாலும் தப்பு. அப்போது தோள் தூக்கிக்கொள்ளும், வலது மணிக்கட்டு மடங்கும். மூன்று, இரண்டு கையையும் எடுத்துவிடு. தலைப்பகுதி கீழே சாய்ந்தால், இடது கை வாசிக்கிற வேலையோடு தூக்குகிற வேலையும் செய்கிறது என்று அர்த்தம். 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மேல்கொம்பு நீளமாக இருப்பது அழகுக்கு மட்டும் இல்லை. வார் மாட்டும் பொத்தான் முன்னால் தள்ளி இருந்தால் எடை சமமாக நிற்கும். கொம்பு குட்டையான கிட்டார் என்றால், வழுக்குகிற நைலான் வாரை விட்டுவிட்டு, உள்பக்கம் சொரசொரப்பான தோல் வார் வாங்கு. நான்கு, கட்டங்களைப் பார்ப்பதற்காகக் கிட்டாரின் முகத்தை உன் பக்கம் சாய்க்காதே. சாய்த்தால் மணிக்கட்டு மறுபடியும் மடங்கும். மேல் ஓரத்தில் இருக்கிற புள்ளிகள் எதற்கு? அவற்றைப் பார்த்துக்கொள்.

அகுஸ்டிக் கிட்டாரில் பல சமயம் ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கும், அடியில். மறுமுனையை ஷூ லேஸால் தலைப்பகுதியில், தந்திகளுக்கு அடியில் கட்டுவோம். அது போதும், அல்லது ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துக் கழுத்தடியில் ஒரு பொத்தான் வைத்துக்கொள்ளலாம். லெஸ் பால் மாதிரி கிட்டார் நாலு கிலோவுக்குப் பக்கத்தில், சிலது அதற்கு மேலும் இருக்கும். மூன்று மணி நேரம் நாலு கிலோ அரிசியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்க. வார் மூன்று அங்குல அகலம் இருந்தால் தோள் வாழ்த்தும். எல்லாம் சரியானதும் வாரில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடு. நண்பன் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தந்தால் கோட்டுக்குத் திரும்பு. வார் நாளாக நாளாக நீளும்; மாதம் ஒருமுறை உட்கார்ந்து சரிபார்.

இதெல்லாம் ஏதோ என் வீட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். ஸ்பெயினில் கிளாசிகல் கிட்டாரை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்த டாரேகா, இடது காலைச் சிறு முக்காலியில் வைத்து உட்கார்ந்தார். அவர் வழிவந்தவர்கள் இன்றும் அப்படித்தான். எங்கள் வடபழனிக்காரரான மாண்டலின் ஸ்ரீனிவாஸ், மின் மாண்டலினை உலக மேடைகளுக்கெல்லாம் கொண்டுபோனவர், கர்நாடகக் கச்சேரியில் சம்மணமிட்டுத்தான் வாசித்தார். 2014-ல் அவர் மறைந்தபோது எங்கள் பகுதியே கலங்கியது. கிங் கிரிம்ஸன் குழுவின் ராபர்ட் ஃப்ரிப், ராக் மேடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர். நின்றவர்களில் பீட்டில்ஸ் மார்புக்குக் கிட்டே மாட்டினார்கள். டாம் மொரெல்லோவும் உயரமாகத்தான். பேஜ் தாழ்த்தினார், தாழ்த்தியே சாதித்தார். அவர் கை அவருக்கு. என் கை எனக்கு என்பது தெரியாமல் போனதுதான் என் தப்பு. ஸ்டைல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமானால் ஒரு அங்குலம் இறக்கு, தலைப்பகுதியை இன்னும் கொஞ்சம் உயர்த்து, ஒரு வாரம் வாசித்துப் பார். மணிக்கட்டு ஒத்துக்கொண்டால் அடுத்த அங்குலம். கஷ்டமான இடம் வரும்போது இடது காலை முன்னால் இருக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் மேல் வைத்துக் கிட்டாரைத் தொடையில் தாங்கிக்கொள். கூட்டம் கைதட்டும், நீ டாரேகாவின் முக்காலியைப் பயன்படுத்துகிறாய் என்று யாருக்கும் தெரியாது. (கைதட்டல்)

என்னிடம் ஒரு பெண் வந்தாள், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை, குட்டையான உருவம். "கை சின்னது, உனக்குக் கிட்டார் வராது" என்று எங்கேயோ சொல்லிவிட்டார்களாம். பெரிய உடம்புள்ள கிட்டார், வார் தொங்கல். நான் பாடமே எடுக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து வாரை நாலு ஓட்டை ஏற்றினேன். எழுந்து நின்று வாசித்தவள் முகத்தைப் பார்க்கணும் நீங்க. வராது என்று சொன்னவர்கள் பார்த்தது அவள் கையை. தப்பு இருந்தது வாரில். அவள் இன்று கல்லூரி மேடைகளில் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. இன்று காலை நான் சீக்கிரமே வந்துவிட்டேன். மேடையில் நம் மெல்லிசைக் குழு ஒத்திகை. லீட் கிட்டார் வாசிக்கிற தம்பி பிரமாதமாக வாசிக்கிறார். அந்த வயதில் எனக்கு அதில் பாதி வராது. ஆனால் கிட்டார் முழங்காலுக்குக் கொஞ்சம்தான் மேலே. ஒத்திகை முடிந்ததும் இடது கையை இரண்டு தடவை உதறினார். அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன். அந்த உதறல் எனக்குத் தெரியும்.

தம்பி, நீங்க இங்கேதான் எங்கேயோ நிற்கிறீங்க. கோவிச்சுக்காதீங்க, கூட்டத்தில் சொல்லிட்டேன். சாயங்காலம் உங்கள் நிகழ்ச்சிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. சாப்பாடு முடிந்ததும் கிட்டாரை எடுத்துக்கொண்டு கேன்டீன் படிக்கட்டுக்கு வாங்க. கை இல்லாத நாற்காலி ஒன்றை நான் எடுத்துவைக்கிறேன். பேனா என் சட்டைப் பையிலேயே இருக்கு.